கொல்லிமலைக்குப் போனால் என்ன சாப்பிடுவீர்கள்?

வாரக் கடைசியானால் மலையேறும் கூட்டம் பெருகுகிறது. அந்தக் கூட்டத்தால் மலையில் விளையும் சாமைக்கும் பலாவுக்கும் என்ன பயன்? இத்தாலியும் குமரகமும் இந்தக் கேள்வியை முன்பே கேட்டுவிட்டன. பதிலும் வைத்திருக்கின்றன.

காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள். பைக்கில் வருகிற இளைஞர்கள் வளைவுப் பலகைகளை எண்ணிக்கொண்டே ஏறுகிறார்கள். மேலே செம்மேடு கடைவீதியில் சனி, ஞாயிறு என்றால் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, குளித்து, மூச்சு வாங்க ஏறி வருகிறவர்களுக்குப் பசி வயிற்றைக் கிள்ளும். அப்போது கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பவை பரோட்டா, சிக்கன் ரைஸ், கோபி மஞ்சூரியன். அந்த மைதா, பாமாயில், சாஸ் பாட்டில், பொன்னி அரிசி எல்லாமே வேனில் ஏறி சமவெளியிலிருந்து வந்தவை. அதே பாதையில் எதிர்த்திசையில் இறங்கிப் போகிறது பலா, அன்னாசி, வாழை, மிளகு, காபி, சாமை. மலையில் விளைவது கீழே போய் யாருக்கோ சரக்காகிறது. மலையில் விளையாதது மேலே வந்து விருந்தாளியின் தட்டில் விழுகிறது.

"சாமைச் சோறு இருக்குதுங்களா அக்கா?" என்று ஒரு சின்ன மெஸ்ஸில் கேட்டேன்.

"அதையெல்லாம் யாருங்க கேக்கறாங்க? நீங்க ஒருத்தர் கேட்டீங்கன்னு ஆக்கி வெச்சா, மிச்சத்தை யாரு திங்கறது? ஃப்ரைட் ரைஸ் சூடா இருக்குது, போடட்டுங்களா?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. மிச்சத்தை யார் தின்பது என்பதுதான் விஷயமே. சுற்றுலா, பாரம்பரிய உணவு, கிராமப் பொருளாதாரம் என்று கருத்தரங்குகளில் பேசப்படுவதெல்லாம் கடைசியில் அந்த மெஸ்ஸின் அடுப்பங்கரையில் வந்து இந்தக் கேள்விமுன் நிற்கிறது.

இன்று பண்ணைச் சுற்றுலா ஒரு மோஸ்தர். நகரத்திலிருந்து 2 மணி நேரத் தூரத்தில் தென்னந்தோப்பு, ஒரு நீச்சல் குளம், மாட்டு வண்டியில் ஒரு சுற்று, ராத்திரி கேம்ப் ஃபயர். குழந்தைகள் கன்றுக்குட்டிக்குப் புல் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சந்தோஷமான விஷயம்தான். ஆனால் அங்கே மதியம் பரிமாறும் பன்னீர் பட்டர் மசாலாவுக்கும் சுற்றியுள்ள வயலுக்கும் என்ன சம்பந்தம்? வயலைக் காட்டிக் காசு வாங்கிக்கொண்டு சோற்றை மட்டும் வெளியிலிருந்து வரவழைக்கும் இடத்தில், வயல் ஒரு சினிமா செட். படப்பிடிப்பு முடிந்தால் செட்டைக் கலைத்துவிடலாம். பக்கத்து நிலத்து விவசாயிக்கு அதனால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

சாமை மலையை விட்டு இறங்கிய கதை

கொல்லிமலையில் இரண்டு தலைமுறைக்கு முன்பு சோறு என்றால் சாமைச் சோறு. கூடவே தினை, கேழ்வரகு. இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகளோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்) சாமையிலேயே பல ரகங்கள் வைத்திருந்தார்கள். கட்டவெட்டிச் சாமை, மல்லியச்சாமை, சடஞ்சாமை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர், ஒரு குணம். சரிவான மேட்டுநிலம், மானாவாரி. மழை விழுந்ததும் விதைத்தால் 3, 4 மாதத்தில் அறுப்பு. உரக்கடை பக்கம் போகவே வேண்டாம்.

அது ஏன் போனது? முதல் காரணம் மரவள்ளி. கீழே சேலம், ராசிபுரம், ஆத்தூர் வட்டாரத்தில் சேகோ பேக்டரிகள் பெருகின. ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களுக்கென்று 1981-ல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமே வந்தது. மூட்டை மூட்டையாய்க் கிழங்கு கொடுத்தால் கையில் மொத்தமாய்ப் பணம். பிள்ளையைப் படிக்க வைக்க, வீட்டுக்கு ஓடு மாற்ற அந்தப் பணம் உதவியது. மறுக்க முடியாது. ஆனால் கிழங்கு பிடுங்கும்போது சரிவு நிலத்தின் மண் மொத்தமாய் இளகுகிறது. அடுத்த மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. கிழங்கு விலையோ பேக்டரி வாசலில் முடிவாவது. விலை சரிந்த வருஷத்தில் கிழங்கை வேகவைத்து எத்தனை நாள் தின்ன முடியும்?

இரண்டாவது, ரேஷன் அரிசி. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அது இலவசம். பசியைப் போக்கிய பெரிய திட்டம் அது. கூடவே, மலையில் விளையும் தானியத்தை அது தட்டிலிருந்து தள்ளியதும் நடந்தது. இந்தத் தவறைச் சரிசெய்ய 2023-ல்தான் ஒரு சிறு முயற்சி தொடங்கியது. நீலகிரியிலும் தருமபுரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுத்துப் பார்த்தார்கள்.

மூன்றாவது காரணத்தைப் பாரம்பரிய உணவு பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. சாமையை அரிசியாக்குவது முதுகொடியும் வேலை. நெல்லைவிடச் சின்ன மணி, அதைக் கெட்டியாய்ப் பிடித்துக்கொண்டிருக்கும் உமி. உரலில் போட்டுக் குத்த வேண்டும், முறத்தில் புடைக்க வேண்டும். உமி போகாத மணிகள் அடியில் நிற்கும். அவற்றைத் திரும்ப உரலில் போட்டுக் குத்தி, திரும்பப் புடைத்து, பிறகு கல் பொறுக்க வேண்டும். இத்தனையும் ஒரு வேளைச் சோற்றுக்கு. செய்தவர்கள் எல்லாரும் பெண்கள். காட்டு வேலை முடித்து வந்து இதையும் செய்தார்கள். ரேஷன் அரிசி வந்ததும் உலக்கையை மூலையில் சாத்திய பாட்டிமார்களை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களின் பிற்பகுதியிலிருந்து இந்த மலையில் செய்த வேலை இந்த முடிச்சைப் பிடித்தது. விதை ரகங்களைத் திரட்டியதோடு, சாமையின் உமி நீக்கும் இயந்திரங்களைக் கிராமத்துக்கே கொண்டுவந்து சுயஉதவிக் குழுக்களின் பொறுப்பில் வைத்தது. உலக்கை வேலை போனதும் சாமை மறுபடி சமைக்கக்கூடிய பண்டமானது. குழுக்கள் சாமை அரிசி, கேழ்வரகு மாவு எல்லாம் பாக்கெட் போட்டன. 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நகரத்து மளிகைக் கடைகளில் சிறுதானியத்துக்குத் தனித் தட்டே ஒதுக்கினார்கள்.

ஆனால் பாக்கெட்டுக்கும் பண்ணைக்கும் நடுவே பல கைகள். சர்க்கரை நோயாளிக்கு டாக்டர் சொன்ன மருந்துபோலச் சென்னையில் சாமை விற்கிறது. அது விளைந்த மலையின் ஓட்டலில் அதைத் தேட வேண்டியிருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். 100 கிலோ சாமையை உமி நீக்கினால் 60 கிலோவுக்குக் குறையாமல் அரிசி தேறும். ஒரு கிலோ அரிசியில் 8 பேர் வயிறார உண்ணலாம். ஆக ஒரு குவிண்டால் சாமை கிட்டத்தட்ட 500 சாப்பாடு. தானியமாக வியாபாரிக்குப் போட்டால் அந்த ஒரு குவிண்டாலுக்கு ஒரே ஒரு விலை. அதே மலையில் 500 சாப்பாடாகப் பரிமாறினால் விளைவித்தவர், உமி நீக்கியவர், சமைத்தவர், மொச்சைக் குழம்புக்கு மொச்சை தந்தவர், விறகு கொண்டுவந்தவர் என்று பணம் ஊருக்குள் நாலைந்து கை மாறும். உள்ளூர் உணவின் பொருளாதாரம் இவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய தத்துவம் தேவையில்லை. 500 சாப்பாட்டுக்கு 500 பேர் வேண்டும், அவ்வளவே. கொல்லிமலையில் அந்த 500 பேர் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறார்கள்!

இத்தாலியின் 10 விருந்தாளிச் சட்டம்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இத்தாலியில் கிராமங்கள் காலியாயின. டஸ்கனி போன்ற பகுதிகளில் நிலம் பெரும்பாலும் வாரக் குத்தகைதான். விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு. டுரின், மிலான் நகரங்களின் தொழிற்சாலைகள் கூப்பிட்டபோது இளைஞர்கள் போய்விட்டார்கள். 1964-ல் புதிய வாரக் குத்தகை ஒப்பந்தங்களுக்குச் சட்டம் தடை போட்டது. அதற்குள் குன்றுகளின் மேல் கல் வீடுகள் பூட்டிக் கிடந்தன. திராட்சைக் கொடியும் ஒலிவ மரமும் பார்க்க ஆளில்லாமல் நின்றன.

1965-ல் விவசாயிகள் தரப்பிலேயே ஒரு சங்கம் தொடங்கினார்கள். பேர் அக்ரிடூரிஸ்ட். நகரத்தார் பண்ணை வீட்டில் வந்து தங்கட்டும், பண்ணையில் விளைவதைத் தின்னட்டும், அந்த வருமானத்தில் விவசாயி நிலத்திலேயே இருக்கட்டும் என்பது யோசனை. 20 வருஷம் கழித்து, 1985 டிசம்பரில், நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. 2006-ல் அதைத் திருத்தி எழுதினார்கள். இன்று அங்கே 25,000-க்கும் மேற்பட்ட பண்ணை விடுதிகள் இருக்கின்றன.

எண்ணிக்கையைவிடச் சட்டத்தின் வாசகங்களே என்னை ஈர்க்கின்றன. பண்ணை விடுதி நடத்த முதலில் நீங்கள் விவசாயியாக இருக்க வேண்டும். பணம் இருக்கிறது, நிலம் வாங்கிப் போட்டிருக்கிறேன் என்றால் ஆகாது. விருந்தோம்பல் வேலை விவசாயத்தை மிஞ்சக் கூடாது. 10 விருந்தாளிக்கு மேல் போகாதவரை விவசாயமே முதன்மை என்று சட்டம் தானாகவே ஏற்றுக்கொள்கிறது. அதற்கு மேல் போனால் கணக்குக் காட்ட வேண்டும். தங்குமிடத்துக்குப் பண்ணையில் ஏற்கெனவே இருக்கும் கட்டடங்களைத்தான் பயன்படுத்தலாம். மாட்டுக் கொட்டகையை அறையாக மாற்றலாம், வயலில் புதிதாய் விடுதி கட்ட முடியாது. பரிமாறும் உணவில் பெரும்பகுதி சொந்தப் பண்ணையிலும் சுற்றுவட்டாரத்திலும் விளைந்ததாக இருக்க வேண்டும். எத்தனை சதவீதம் என்பதை அந்தந்த மாகாண அரசு நிர்ணயிக்கும்.

இந்தக் கடைசி விதிதான் உயிர்நாடி. மெஸ் அக்கா கேட்ட கேள்விக்கு இத்தாலி சொன்ன பதில் இது. பண்ணை விடுதி என்று பலகை மாட்டினாலே சமையல் எது என்பது முடிவாகிவிடுகிறது. விருந்தாளியும் அதைத் தெரிந்துகொண்டுதான் வருகிறார். ஃப்ரைட் ரைஸுக்கு அங்கே இடமில்லை என்றால் சாமை மிஞ்சாது.

1986-ல் ரோம் நகரில் ஸ்பானிஷ் படிக்கட்டுக்குப் பக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் கடை திறந்தபோது எழுந்த எதிர்ப்பிலிருந்து, கார்லோ பெட்ரினி தலைமையில் ஸ்லோ ஃபுட் இயக்கம் வளர்ந்தது. அழியும் தானியம், பழம், பாலாடைக்கட்டி வகைகளை அது பட்டியல் போட்டுக் காப்பாற்ற முனைந்தது. பண்ணை விடுதிகளுக்கு அது நல்ல விளம்பரமும் ஆனது. இத்தாலியில் எல்லாம் சுபம் என்று சொல்ல வரவில்லை. டஸ்கனியில் நீச்சல் குளத்தோடு பணக்கார மாளிகையாக மாறிய பண்ணை விடுதிகளும் உண்டு. அங்கே விவசாயம் பேருக்குத்தான். ஆனால் அதை மீறல் என்று சுட்டிக்காட்ட அவர்களிடம் ஒரு சட்டம் இருக்கிறது. நம்மிடம் எதை வைத்து அளப்பது?

குமரகத்தில் யார் கத்தரிக்காய் வாங்கினார்கள்?

இத்தாலி தூரம். குமரகம் பக்கம்தான். வேம்பநாட்டு ஏரிக்கரையில் பெரிய பெரிய ஓட்டல்கள் வந்தபோது ஊருக்குக் கிடைத்தது குப்பையும் விலைவாசியும்தான் என்று மக்கள் கொதித்துப் போயிருந்தார்கள். ஓட்டல் சமையலறைக்குக் காய்கறி வெளியிலிருந்து வந்தது. ஊர் நிலங்களில் கொஞ்சம் தரிசாய்க் கிடந்தது.

2008-ல் கேரள அரசு 'பொறுப்புச் சுற்றுலா' திட்டத்தை இங்கே தொடங்கியபோது செய்த முதல் காரியம், ஓட்டல்காரர்களையும் பஞ்சாயத்தையும் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது. உங்களுக்கு என்னென்ன காய், எவ்வளவு வேண்டும் என்று ஓட்டல்களிடம் பட்டியல் வாங்கினார்கள். அதை வைத்து எந்த மாதம் எதைப் பயிரிடுவது என்று பயிர் நாட்காட்டி போட்டார்கள். விலையைத் தீர்மானிக்க ஒரு குழு, தரத்தைப் பார்க்க ஒரு குழு. தரிசில் பயிர் வைத்தார்கள். 'சம்ருத்தி' என்ற பெண்கள் குழு விளைச்சலை வாங்கி ஓட்டல் ஓட்டலாய்க் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆரம்பத்தில் இழுபறிகள் இருந்தன. ஒரு நாள் சரக்கு குறையும், ஒரு நாள் தரம் சரியிருக்காது. இதற்கு மேசையில் உட்கார்ந்து பேசுவதைத் தவிர வேறு வைத்தியமில்லை. அவர்கள் பேசினார்கள். ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் யுலிசஸ் விருது இந்த முயற்சிக்குக் கிடைத்தது. 2017-ல் இது மாநிலம் முழுவதற்குமான இயக்கமானது.

மகாராஷ்டிரத்தில் பாராமதிப் பக்கம் பாண்டுரங் தாவரே 2005-ல் தொடங்கிய வேளாண் சுற்றுலா முயற்சி வளர்ந்து, 2020-ல் அந்த அரசே தனிக் கொள்கை வகுக்கும் அளவுக்கு வந்தது. அங்கே விவசாயி தன் வீட்டிலேயே தங்க வைத்து, ஜோவார் பாக்ரி சுட்டுப்போடுகிறார். ஆடம்பரம் கிடையாது.

தமிழ்நாட்டுக்கும் இது தெரியாத வித்தையில்லை. விளைவிப்பவரையும் வாங்குபவரையும் நேருக்கு நேர் நிறுத்தும் உழவர் சந்தையை 1999-லேயே மதுரையில் திறந்தவர்கள் நாம். 2021 முதல் வேளாண்மைக்குத் தனி பட்ஜெட் போடுகிறோம். திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கத்தில் 'நெல்' ஜெயராமன் 2006 முதல் நடத்திய நெல் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். 2 கிலோ விதைநெல் வாங்கிப் போகிறவர் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த ஒரு விதியில் மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் பூங்காரும் ஆயிரக்கணக்கான வயல்களுக்குப் போயின. ஜெயராமன் 2018 டிசம்பரில் மறைந்தார். அவர் பரப்பிய ரகங்கள் வயலில் இருக்கின்றன. அந்த அரிசிச் சோற்றை டெல்டாவுக்குக் கோயில் பார்க்க வருகிற லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேர் ருசி பார்க்கிறார்கள்? கும்பகோணத்தில் டிகிரி காபி தேடுகிறவர்கள் பூங்கார் கஞ்சி தேடுவதில்லை. அப்படியொன்று இருப்பதாக அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு டம்ளர் சூப்பில் இருக்கும் எச்சரிக்கை

கொல்லிமலையில் உள்ளூர் உணவு சக்கைபோடு போடும் ஒரே இடம் சூப்புக் கடை. முடவாட்டுக்கால் சூப். பேரைக் கேட்டு அசைவம் என்று நினைத்து ஒதுங்குகிறவர்கள் உண்டு. பாறையிலும் மரத்திலும் படர்ந்து வளரும் ஒரு பெரணியின் கிழங்கு அது. மேலே பழுப்பு நிறத்தில் ரோமம் மூடியிருக்கும். ஆட்டுக்கால் மாதிரியே தோற்றம். ரோமத்தைச் சீவி எடுத்துவிட்டு, சிறு துண்டாக நறுக்கி இடித்து, மலை மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு கொதிக்க விடுகிறார்கள். குளிரில் ஒரு டம்ளர் உள்ளே போனால் உடம்பு திறக்கிறது. மூட்டு வலிக்கு நல்லது என்று கடைக்காரர்கள் சொல்வதை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடுவோம்.

இது நல்ல செய்தி. சுற்றுலாப் பயணிக்கு மலையின் ருசியைக் கொடுத்தால் வாங்குவான் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? ஆனால் அந்தக் கிழங்கு யாரும் பயிரிட்டு வருவதில்லை. காட்டிலிருந்து பெயர்த்தெடுப்பது. சூப்பு போதாதென்று கிழங்கையே கூறுகட்டி விற்கிறார்கள், வருகிறவர்கள் பை நிறைய வாங்கிப் போகிறார்கள். நட்டு வளர்க்காமல் எடுத்துக்கொண்டே போனால் பாறை மொட்டையாகும். உள்ளூர் உணவு என்றாலே இயற்கைக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. விதைத்து அறுக்கும் சாமையைத் தின்பதும், காட்டிலிருந்து பெயர்த்ததைத் தின்பதும் ஒன்றாகாது.

இன்னொரு ஆபத்து நிலம். சுற்றுலா சூடு பிடித்தால் வெளியூர்ப் பணம் மலையேறும். நிலம் கைமாறும். சாமை விதைத்தவர் தன் பழைய நிலத்திலேயே ரிசார்ட் வாட்ச்மேன் ஆவார். விவசாயிதான் நடத்த வேண்டும், இருக்கும் கட்டடத்தில்தான் நடத்த வேண்டும் என்ற இத்தாலிய விதிகள் இங்கே இன்னும் அவசியமாவது இதனால்தான்.

மூன்றாவது, பெண்களின் உழைப்பு. வீட்டில் விருந்தாளி தங்கினால் விடிகாலை எழுந்து தண்ணீர் சுமப்பதும் சமைப்பதும் யார்? உலக்கையிலிருந்து விடுபட்டவர்களை விருந்தோம்பல் என்ற பேரில் அடுப்போடு கட்டிப்போடக் கூடாது. சமையலுக்குக் கூலி தனியாக, அவர்கள் கையில், அவர்கள் வங்கிக் கணக்கில் சேர வேண்டும்.

இவற்றைக் கவனித்துக்கொண்டால் கொல்லிமலைக்குக் குறை ஒன்றும் இல்லை. வருஷம் முழுக்க ஏதாவது ஒரு விளைச்சல் இருக்கிறது. கோடையில் பலாவும் அன்னாசியும். மழைக்காலத்தில் சாமை விதைப்பு. கார்த்திகை, மார்கழியில் காபிப் பழம் பறிப்பு. தை, மாசியில் மிளகு. ஆடி 17, 18-ல் அரசே வல்வில் ஓரி விழா எடுக்கிறது, கூட்டம் அலைமோதுகிறது. குறிஞ்சி நிலத்து வள்ளலின் விழா நாளில், விழா மைதானத்துக் கடைகளில் ஒரு வேளையாவது சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் கட்டாயம் என்று மாவட்ட நிர்வாகம் ஒரு விதி போடலாம். அதற்குப் பெரிய நிதி வேண்டாம், ஓர் உத்தரவு போதும். குமரகத்தைப்போலச் செம்மேட்டு ஓட்டல்காரர்களையும் சாமைக் குழுக்களையும் ஒரு மேசையில் உட்கார வைத்து மாதத்துக்கு எத்தனை கிலோ என்று பேசினால், 'மிச்சத்தை யார் தின்பது' என்ற பயம் இரு தரப்புக்கும் பாதி குறையும்.

மீதிப் பாதி நம் கையில். அடுத்த முறை கொல்லிமலைக்கோ ஏற்காட்டுக்கோ ஜவ்வாது மலைக்கோ போகிறவர்கள், அறை பதிவு செய்யும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: "இங்கே விளைஞ்சது என்ன சமைப்பீங்க? எத்தனை பேருக்குன்னு இப்பவே சொல்லிடட்டுங்களா?" முதல் நாளே தலை எண்ணிக்கை சொல்லிவிட்டால் அவர்களுக்குப் பண்டம் வீணாகாது. சாமைச் சோற்றுக்கு ஃப்ரைட் ரைஸைவிடப் பத்து, இருபது ரூபாய் கூடச் சொன்னால் பேரம் பேசாதீர்கள். பெட்ரோலுக்குக் கணக்குப் பார்க்காமல் வந்திருக்கிறோம், சோற்றுக்குப் பார்க்க வேண்டாம்.